மரத்தலைமேல் ஆணை

வீடு பார்க்கப் போன அன்று அவர் எங்களிடம் ஆதார் கார்டு கேட்கவில்லை. ஒரு மண்டையோட்டின் மேல் கை வைக்கச் சொன்னார்.

மத்திகிரியில், கால்நடைப் பண்ணையின் சுவர் முடிகிற இடத்தில், ஒரே கேட்டுக்குள் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள். முன்னால் இருந்தது அவருடைய வீடு. குடியிருந்த எல்லோரும் அவரை ஓனரம்மா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை உள்ள ஒருவரையும் நான் அங்கே பார்த்ததில்லை. அவருடைய முன்னறையில், இயேசு சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபம் மாட்டியிருக்கும். அதன் கீழே ஒரு மேசை. மேசைமேல், வாசலைப் பார்த்தபடி, அந்த மரத்தலை.

உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. புளியங்கொட்டை நிறம். பல்வரிசையில் பாதி இல்லை. ஒரு கண்குழியிலிருந்து செதுக்கிய புழு ஒன்று எட்டிப் பார்க்கும். அடிப்பாகத்தில் தேய்ந்துபோன வெளிநாட்டு எழுத்து. முழுவதும் சொரசொரப்பாக இருந்தாலும் நெற்றி மட்டும் எண்ணெய் போட்டதுபோல் மினுமினுக்கும். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

“பயப்படாதம்மா, மரந்தான். கை வெச்சு, நாங்க சொன்னதெல்லாம் நெசம்னு சொல்லுங்க.”

நான் வைத்துச் சொன்னேன். எங்கள் ஊர் திருவண்ணாமலைப் பக்கம். அங்கே பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துத்தான் சத்தியம் செய்வோம். யாரோ செதுக்கி வைத்த தலையில் சத்தியம் செய்வது அதுதான் முதல் தடவை. உள்ளங்கை சில்லென்று ஆனது. அடுத்து என் வீட்டுக்காரர். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஐந்து நிமிடம் முன்புதான் ‘குடிப்பழக்கமே கிடையாதுங்க’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். கை நெற்றியில் பட்டதும் குரல் இறங்கிவிட்டது.

“எப்பவாவதுங்க.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன், என் தலையில். வீடு போச்சு என்று நினைத்தேன். ஓனரம்மா சாவியை எடுத்து நீட்டினார்.

“எப்பவாவது குடிக்கறவனுக்கு ஊடு குடுக்கலாம். குடிக்கவே மாட்டன்றவனுக்குத்தான் குடுக்கக் கூடாது.”

ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் பலரைப்போல அவருக்கும் மூன்று பாஷை. ஜெபம் தமிழில், திட்டு தெலுங்கில், சந்தேகம் மட்டும் கன்னடத்தில். “ஹௌதா?” என்பார். அப்படியா என்று பொருள். அவர் வாயில் அது, எங்கே இன்னொரு தடவை என் கண்ணைப் பார்த்துச் சொல்லு என்று கேட்கும். சிலிண்டர் வந்தால் சீலைப் பார்ப்பார், அசைத்துப் பார்ப்பார், கொண்டுவந்தவர் முகத்தையும் பார்ப்பார். கீரைக்காரம்மாவிடம் “கெலவரப்பள்ளி டேம்ல நொரை தள்ளுதே, அந்தத் தண்ணில வெளைஞ்சதா?” என்று கேட்டு, இல்லை என்று அவள் சொன்ன பிறகும் ஒவ்வொரு கட்டாக மோந்து பார்ப்பார். மழை பெய்தால்கூட முதலில் கையை நீட்டிப் பார்த்து, அண்ணாந்து மாடியைப் பார்த்து, மேலே யாரும் தண்ணீர் கொட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கொடியில் இருந்து துணியை எடுப்பார்.

நான் வேலை பார்ப்பது உதிரி பாக ஃபேக்டரியில், குவாலிட்டி பிரிவில். பளபளவென்று வருகிற சாமானை அளவு பார்க்கும் கேஜில் வைத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று ஒதுக்குவதுதான் என் பிழைப்பு. சந்தேகப்படச் சம்பளம் வாங்குகிற எனக்கே அவரைப் பார்த்தால் அசதியாக இருக்கும். யாரோ பெரிதாக ஏமாற்றியிருக்கிறார்கள், அதுதான் இப்படி ஆகிவிட்டார் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

“யாரும் ஏமாத்தலம்மா. ஏமாத்த நான் எடம் குடுத்தாத்தான?” என்றார்.

அவர் ஒருவரை விசாரிக்கிற விதம் எனக்குப் பிடிக்காது. கையில் ஒரு பட்டன் போன் வைத்திருந்தார். குடிவந்தவர் முன்பு இருந்த வீட்டுக்காரர், வேலை செய்கிற கம்பெனி, சொந்த ஊரில் ஒரு உறவு, இப்படி எந்த எண் கிடைத்தாலும் ஒரு போன் போட்டுவிடுவார். தான் யார் என்று சொல்ல மாட்டார். குரலைச் சற்று மூக்குக்கு ஏற்றி, “கேஸ் ஆபீஸ்ல இருந்து பேசறங்க. கனெக்சன் வெரிபிகேசன்” என்பார். சமையல் கேஸ் என்றால் யாரும் மறைக்க மாட்டார்கள், முகவரி முதல் மூத்த மருமகள் பெயர் வரை கொட்டிவிடுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. எங்கள் ஊருக்கே அப்படிப் பேசியிருக்கிறார். என் மாமியார் சந்தோஷமாக அரை மணி நேரம் பதில் சொல்லியிருக்கிறார்.

“ஊரையே சத்தியம் பண்ண வைக்கிறீங்க. நீங்க மட்டும் கேஸ் ஆபீஸா ஓனரம்மா?” என்று கேட்டேன்.

“நான் மரத்துமேல கை வெச்சா சொன்னன்?” என்றார். அது உண்மைதான். அவர் அதைத் துடைப்பார், தூக்குவார், நகர்த்துவார். நெற்றியில் உள்ளங்கையை வைத்து நான் பார்த்ததே இல்லை. அதை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அந்தத் தலை அவருடைய தாய்வழித் தாத்தாவிடமிருந்து வந்தது. தாத்தா பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் மணியடித்து, விளக்கேற்றி, கல்லறை வெட்டிக் கொடுத்தவர். அந்தக் கோயிலில் ஆள் உயரப் பாடுபட்ட சுரூபம் இருந்ததாம். சிலுவையின் காலடியில் இந்த மண்டையோடு. சிலுவையைச் செல் அரித்துவிட்டது. இதை மட்டும் தொடவில்லை. செல்லுக்குக்கூட இதைக் கண்டு பயம் என்று குடியிருந்த நாங்கள் பேசிக்கொண்டோம். எங்களில் பாதிப் பேருக்கு அது மாந்திரீகச் சாமான்தான். சுடுகாட்டில் இருக்க வேண்டியதை நடுவீட்டில் வைத்து ஊதுவத்தி காட்டுகிற பெண்மணியை வேறு என்னவென்று நினைப்பது?

வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க சர்ச்சிலிருந்து வந்த பங்குச் சாமியார் அதைக் கண்டித்தார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“இது மத்தவங்கள மெரட்டறதுக்கு இல்லம்மா. நமக்கும் ஒருநாள் இதான் கதின்னு நாமே பார்த்துக்கறதுக்கு. அந்தக் காலத்துல பெரிய பெரிய முனிவருங்க மேசமேல வெச்சுப் பார்த்துக்கிட்டே ஜெபம் பண்ணுவாங்க. தலமேல சத்தியமே பண்ணாதீங்கன்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு. நீங்க ஊரையே பண்ண வைக்கிறீங்க.”

“சாமி, பூசைக்கு வர்றவன உங்களுக்குத் தெரியும். வாடகைக்கு வர்றவன எனக்குத்தான் தெரியும்.”

சாமியார் சிரித்துவிட்டு, மரத்தலையை எடுத்து ஓனரம்மா உட்காரும் நாற்காலியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். சாமியார் கேட்டைத் தாண்டுவதற்குள் அது மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெங்களூரிலிருந்து பழம்பொருள் வாங்குகிற ஒருவரும் வந்தார். கோவாப் பக்கத்துச் சிற்பி வேலை, மிகப் பழையது, இதன் மதிப்பு உங்களுக்குத் தெரியாது என்று ஆரம்பித்தார். “ஹௌதா?” என்றார் ஓனரம்மா. எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு கோயிலுக்குத்தான் என்றார் வந்தவர். அப்படியானால் கை வைத்துச் சொல்லுங்கள். வந்தவர் வைத்தார், ஆனால் விரல் புழுவின் மேலும் பல்லின் மேலும் ஊர்ந்தது.

“அவன் கை வெக்கல, தடவுறான்” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரைக் கன்னடத்தில் வழியனுப்பி வைத்தார்.

ஒருமுறை கொடியில் காய்ந்த பட்டுப்புடவை காணாமல் போனது. சாயங்காலம் எல்லோரும் முன்னறைக்கு வரணும் என்று காலையில் ஓனரம்மா ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் புடவை அதே கொடியில் தொங்கியது, புதிதாக அலசிப் பிழிந்து. அதுவரைக்கும் சிரிப்புதான். பிறகு, பின் வீட்டுப் பையன்களில் ஒருவன், பக்கத்து ரூம்காரனின் போனை எடுக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போய், சூசூவாடி அருகே பைக்கோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டான். போன் அவன் பெட்டியில் இருந்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவன் பைக்கின் டயரை நான் பார்த்திருக்கிறேன். மொட்டைத் தலைபோல் வழுவழுவென்று இருக்கும். எங்கள் ஃபேக்டரியாக இருந்தால் முதல் பார்வையிலேயே ஒதுக்கியிருப்போம். அதைச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. ஓனரம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனார். அந்த மௌனம்தான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. பயம் பரவட்டும் என்று விட்டிருந்தார்.

கௌரியும் பிரபுவும் வந்தது அதற்குப் பிறகு. இருவருமே தர்மபுரிப் பக்கம், வேறு வேறு சாதி. ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு ஓடி வந்தவர்கள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. பிரபுவுக்கு ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற வேலை. இரண்டு பேரும் ஒன்றாகக் கை வைத்து, எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு என்று சொன்னார்கள். அவன் கையை எடுத்தான். எடுத்த பிறகு, “இவளுக்கு யாரும் இல்லங்க” என்றான்.

“ஹௌதா?” என்றார் ஓனரம்மா. வீடு கொடுத்துவிட்டார். ஆனால் கை எடுத்த பிறகு சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவருக்கு முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும்.

கௌரி ஒருநாள் ஓனரம்மாவின் போனை வாங்கி, ஓர் எண்ணைப் போட்டு, காதில் வைத்துக்கொண்டு நின்றதை நான் தண்ணீர் பிடிக்கும்போது பார்த்தேன். எதிர்முனையில் ‘ஹலோ, ஹலோ’ என்ற பெண்குரல் எனக்கே கேட்டது. இவள் ஒரு வார்த்தையும் பேசாமல் கட் செய்து, போனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். பெற்ற தாயின் குரலைக் கேட்க வேறு போன் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த எண் அந்தப் போனிலேயே தங்கிவிட்டது என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஓனரம்மா திரும்பிய நேரம், கேட்டுக்கு முன்னால் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. பிரபு ஓவர்டைம் போயிருந்தான். காரிலிருந்து இறங்கியவர்கள் மூன்று பேர். மூத்தவர் கௌரியின் பெரியப்பா. வெள்ளை வேட்டி, பேச்சில் தேன். கையில் ஆப்பிள் பை. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். கௌரி என் பின்னால் ஒளிந்து நின்றாள். என் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாத கண்ணு. நடந்தது நடந்து போச்சு. உங்கம்மா படுத்த படுக்கயா கெடக்கறா. உன் பேரயே சொல்லிக்கிட்டு இருக்கறா. ஒரு தடவ மூஞ்சியக் காட்டிட்டு வந்துரு. நாங்களே கொண்டாந்து உடறோம். அப்புறம் ஊரறிய நாங்களே கல்யாணத்தப் பண்ணி வைக்கறோம்.”

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வந்தது. சொன்னால் வெட்கம், எனக்கும் வந்தது. எத்தனையோ பெண்கள் இப்படி அழைத்துப் போகப்பட்டுத் திரும்பாத கதையை இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு நாங்கள் கேட்காதவர்களா? கேட்டிருந்தோம். இருந்தாலும் அம்மா என்ற சொல்லுக்கு முன்னால் எல்லாம் கரைந்துவிட்டது. கௌரி அழுதுகொண்டே உள்ளே போய்ப் பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு வந்தாள்.

“ஹௌதா?” என்றது ஒரு குரல்.

ஓனரம்மா முன்னறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். பூசைக்குக் கட்டிய சேலை, தலையில் முக்காடு, இரண்டு கையிலும் ஏந்திய மரத்தலை. நேராகப் பெரியப்பாவின் முன்னால் போய் நின்றார்.

“கூட்டிக்கிட்டுப் போங்கய்யா. அம்மா மொகத்தப் பார்க்க வேணாம்னு யார் சொல்லப்போறா? இதுமேல கை வெச்சு, பொண்ணுமேல ஒரு கீறல் உழாம கொண்டாந்து உடறன்னு சொல்லிட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“என்னாம்மா இது, எலும்புக்கூட்டத் தூக்கிக்கிட்டு? நாங்க ஒண்ணும் உங்கள மாதிரி வேதக்காரங்க இல்ல.”

“சாவு எல்லாருக்கும் ஒண்ணுதான். வையி.”

மரியாதை போய்விட்டதை எல்லோரும் கவனித்தோம். பெரியப்பா சிரித்தார். ஒரு மரக்கட்டைக்கு என்ன என்பதுபோல் கையைத் தூக்கினார். கூட வந்த இருவரில் இளையவன், கௌரிக்கு அண்ணன் முறை, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். பெரியப்பாவின் கை மரத்தலையின் நெற்றிக்கு மேலே வந்தது. அங்கேயே நின்றது. புழு எட்டிப் பார்க்கிற கண்குழியை அவர் பார்த்தார், பார்வையை எடுத்தார், மறுபடி பார்த்தார். பண்ணைப் பக்கமிருந்து ஒரு மாடு கத்தியது. கை இறங்கி வேட்டி மடிப்பைச் சரி செய்தது.

“சொந்த ரத்தத்துக்கு சத்தியம் வேற பண்ணணுமா?”

கௌரி பையைக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு அங்கே யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் அவளுக்கு முன்னால் போய் நின்றார். பின் வீட்டுப் பையன்கள், கால் உடைந்தவன் உட்பட, வந்து நின்றார்கள். ஓனரம்மா கேட்டைச் சாத்தச் சொன்னார். காரில் ஏறும்போது பெரியப்பாவின் பேச்சில் தேன் வற்றியிருந்தது.

“ரொம்ப ஆட்டம் போடாதீங்க. கேஸ் ஆபீஸ்ல இருந்து பேசறன்னு ஒரு பொம்பளதான் போன் பண்ணி மத்திகிரின்னு எடத்தச் சொன்னா. உங்களுக்குள்ளயே எங்களுக்கு ஆளு இருக்குது.”

கார் போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாடகைக் காம்பவுண்டில் சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை. அவளா, இவளா என்று கண்கள் ஓடின. நான் மட்டும் ஒரே ஒரு ஆளைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபமாக வந்தது.

அவர் மரத்தலையைக் கேட்டின் ஓரச்சுவர்மேல் வைத்தார். முக்காட்டைச் சரி செய்தார். நான் அதுவரை பார்த்தேயிராத காரியத்தைச் செய்தார். தேய்ந்த நெற்றியில் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

“நான்தான் போன் பண்ணன். யாரும் இல்லன்னு அவன் சொன்னது பொய்னு தோணுச்சு. போன்ல இருந்த நெம்பர அமுத்துனன். கௌரின்ற பேர்ல மத்திகிரில கனெக்சன் கேக்கறாங்க, உங்க பொண்ணாங்கன்னு கேட்டன். இவ்வளவுதான் கேட்டன்.”

கௌரி அவரைத் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் செய்திருப்பேன். அவள் கிட்டே போய்க் கேட்டாள்:

“எங்கம்மா என்ன சொன்னாங்க?”

ஓனரம்மா கையை எடுக்காமலே பதில் சொன்னார்.

“எம்பொண்ணுதான்னாங்க. அப்புறம், ஏங்க, கேஸ் குடுக்க வர்றவங்க அவளப் பார்ப்பாங்களா, நல்லா இருக்கறாளான்னு கேட்டு சொல்லுவாங்களான்னு கேட்டாங்க. பக்கத்துல ஆம்பளக் கொரலு கேட்டுச்சு. போன் கட்டாயிடுச்சு.”

கௌரி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஓனரம்மா அவளைத் தொட்டுத் தேற்றவில்லை. தொட அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

பிரபு ஓடிவந்ததும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கே பங்குச் சாமியார் பார்டர் தாண்டி, பெங்களூரில் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இருவரையும் தங்க வைத்தார். அது எந்த இடம், எப்படிப்பட்ட குடும்பம் என்று ஓனரம்மா கேட்கவே இல்லை. சாமியாரே சொல்ல வந்தபோது காதைப் பொத்திக்கொண்டார். அவர் போன் போட்டு விசாரிக்காத ஒரே முகவரி அதுவாகத்தான் இருக்கும்.

எனக்குக் கோபம் ஆறச் சில நாள் ஆனது. குழம்பு கொடுக்கிற சாக்கில் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஓனரம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த ஆள் அன்னிக்குக் கை வெச்சு சத்தியம் பண்ணியிருந்தா?”

அவர் “ஹௌதா” என்று சொல்லவில்லை. பட்டென்று பதில் வந்தது. இத்தனை நாளும் அதையேதான் யோசித்துக்கொண்டு இருந்திருப்பார்.

“அனுப்பியிருப்பன்.”

“அவளயா?”

“பைய நானே தூக்கிக்கிட்டுப் போயி கார்ல வெச்சிருப்பன். ஒரு அயோக்கியனுக்குக் கொஞ்சம் பயம் இருந்துச்சு, பொண்ணு பொழச்சா. பயமே இல்லாத அயோக்கியன் வந்திருந்தா என்னாம்மா ஆயிருக்கும்?” குரல் உடைந்தது. “பால்காரன நம்பல, சாமியார நம்பல, உன்னயும் நம்பல. இத ஒண்ணத்தான் நம்புனன்.”

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் விட்டுப்போனது. குழம்பை வைக்க மேசையைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். எனக்குத் தெரிந்தது மண்டையோட்டின் பின்பக்கம். முகம் அவர் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கௌரி இருந்த வீட்டில் புதிதாகக் குடிவர ஒரு ஆள் வந்தார். வீட்டுத் தரகர் முன்பே சொல்லிக் கூட்டிவந்திருப்பார்போல. வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, மேசையருகே போய், பயபக்தியோடு அந்தத் தலையின்மேல் கையை வைத்தார். ஓனரம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“எடு. அது உனக்கில்ல, எனக்கு. ஆதார் கார்டு இருக்குதா?”